அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும்

கொழும்பு
2025 பெப்ரவரி 10

அன்பின் ஹஃபீலா,

வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். அழைத்தாலும் எடுப்பதில்லை. அதனால்தான் மின்னஞ்சல்.

எங்கள் மனநல நிலையத்தின் ஜனவரிக் கூட்டத்தில் நீ எழும்பி நின்று, "உங்கட வழிகாட்டியைப் படிக்க முதல்ல இங்கிலீஷ் தெரியோணும், பிறகு கொழும்புக்குப் பயிற்சிக்கு வரோணும், பிறகு கடவுச்சொல் வாங்கோணும். அதுவரைக்கும் நோயாளி என்ன செய்யிற?" என்று கேட்டாய். அந்த மேசையில் நானும் இருந்தேன். மருத்துவப் பீடத்தில் உன்னோடு ஒரே அறையில் இருந்தவள். நீ என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாய். பரவாயில்லை, கேட்டது கேள்விதான்.

அதன் பிறகு நீ செய்தது வேறு. ஊருக்குப் போய் ஓர் இணையத்தளம் திறந்து, பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது எப்படி என்ற எங்கள் நிலையத்தின் வழிகாட்டியை முழுக்கத் தமிழில் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு பகுதியையும் உன் குரலில் வாசித்தும் ஏற்றியிருக்கிறாய். யாரும் திறக்கலாம், யாரும் கேட்கலாம். அனுமதி கேட்கவில்லை. நிபுணர் ஒருவரும் சரிபார்க்கவில்லை.

நான் நிலையத்தின் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். குழுவில் இப்போது எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், "உங்கட சிநேகிதிதானே" என்கிறார்கள். தமிழ்ப் பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்த வசனத்தைப் படித்து நீ சிரிப்பாய். போன வருடமும் இதையேதான் சொன்னேன், அது உண்மை. ஆனாலும் அது வரும்.

அதுவரை உன் பக்கத்தை எடுத்துவிடு. எடுக்காவிட்டால் உன் மேலிடத்துக்கு முறைப்பாடு போகும். நீ அரசாங்க டொக்டர். அனுமதி இல்லாமல் இப்படி எதையும் வெளியிட முடியாது என்று உனக்கே தெரியும்.

சண்டைக்காக எழுதவில்லை. கற்பிட்டியில் அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

றோசலின்

*

புத்தளம்
2025 பெப்ரவரி 13

றோசலின்,

எடுக்கமாட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நீ எதை எடுக்கச் சொல்கிறாய் என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

போன நவம்பரில் எங்கள் களப்பில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. பத்திரிகையில் பார்த்திருப்பாய். அக்கரையில் கருவாடு காயவைக்கும் வாடிகளுக்கு வேலைக்குப் போன பெண்கள், மாலையில் திரும்பி வரும்போது காற்று மாறிவிட்டது. ஐந்து பேர் திரும்பவில்லை. வள்ளத்தை ஓட்டியவர் பீற்றர். இறந்தவர்களில் ஒருத்தி அவருடைய சொந்தத் தங்கச்சி. (பெயரை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. ஊரெல்லாம் தெரிஞ்ச பேர்தானே" என்றார்.)

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு வான் வண்டி வந்தது. பதாகையில் உங்கள் நிலையத்தின் பெயர் இருந்தது. பாடசாலை மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். உயிர் தப்பியவர்களையும் செத்தவர்களின் புருஷன்மாரையும் ஒன்றாக இருத்தினார்கள். "ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. சொன்னாத்தான் மனசுப் பாரம் குறையும்" என்றார்கள். பீற்றரின் முறை வந்தது. அவருக்கு நேர் எதிரே, அந்தத் தண்ணீரில் பெண்சாதியைப் பறிகொடுத்த மனுஷன் இருக்கிறார். "தண்ணிக்குள்ள என்ன கண்டீங்க, அதைச் சொல்லுங்க" என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறா. பீற்றர் எழும்பிப் போய் மண்டபத்துக்குப் பின்னால் வாந்தி எடுத்தார். திரும்பி வரவில்லை. அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக அன்றைக்கே ஊரில் கதை பரவிவிட்டது. எல்லோருக்கும் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டு வான் போனது.

டிசம்பரில் பீற்றரின் பெண்சாதி டொறத்தி அவரை என் கிளினிக்குக்குக் கூட்டி வந்தா. "டொக்டர், இவர் களப்புப் பக்கம் போகாட்டிக் காரியமில்ல. வீட்டுக் கிணத்தடிக்கும் போறாரில்ல. வாளி தண்ணில விழுற சத்தம் கேட்டாலே நடுங்குறார். மாத்திரையைப் போட்டா மரம் மாதிரிக் கிடக்கிறார். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றா.

உங்கள் வழிகாட்டியின் மூன்றாம் பகுதியை எடுத்துப் பார். முதல் நாட்களில் நடந்ததை வற்புறுத்திச் சொல்லவைக்காதே. கூட்டமாக இருத்திக் கதைக்கவைக்காதே. வழக்கமாகத் தூக்க மாத்திரை கொடுக்காதே. எல்லாம் அதில் இருக்கிறது, தெளிவான இங்கிலீஷில். வானில் வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள். அவர்களில் ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லை. படிக்கக் கொடுக்கப்படவும் இல்லை. எங்கள் கிளினிக்கின் ஆண் தாதி வின்சன்டுக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். "டொக்டர், இது எனக்கு விளங்குற பாஷைல இருந்திருந்தா அந்தக் கூட்டத்தை நானே நிப்பாட்டியிருப்பன்" என்றார்.

அடுத்த வாரம் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். இப்போது மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தாதிமாரும் உளவளத்துணையாளர்களும் சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுதவே எனக்கு நேரம் போதவில்லை. முறைப்பாட்டை எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

அம்மாவுக்கு ஸலாம் சொல்லு.

ஹஃபீலா

*

கொழும்பு
2025 பெப்ரவரி 21

ஹஃபீலா,

அந்த வானை அனுப்பியது என் பிரிவு என்று தெரிந்தே எழுதியிருக்கிறாய். "உங்கள் நிலையம்", "உங்கள் வழிகாட்டி" என்று வரிக்கு வரி குத்தியிருக்கிறாய். மண்டபத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. எனக்கு வந்த அறிக்கையில் "மக்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினார்கள்" என்றுதான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் குழுவை அழைத்துக் கேட்டேன். நீ சொன்னது சரி. இனி அப்படி எந்த வானும் போகாது. அதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆனால் நீயும் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பிள்ளைகள் செய்த பிழை என்ன? அரைகுறையாகத் தெரிந்ததை நம்பிக்கையோடு செய்தார்கள். உன் பக்கத்தைத் திறக்கிறவர்கள் எல்லோரும் யார்? அவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது? கிளினிக்கில் ஓர் அறைகூட இல்லாத ஒருவன், உன் குரலைக் கேட்டுவிட்டு, தைரியம் வந்து, ஒருத்தியின் காயத்தைத் திறக்கிறான் என்று வை. அவனுக்கு அதை மூடத் தெரியுமா? மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் போய்விடும் என்று நமக்குப் படிப்பித்தார்களே, சொல்லுக்கு மட்டும் அது இல்லையா? உன் தமிழை யார் பார்த்தார்கள்? நீ எழுதி, நீ வாசித்து, நீயே ஏற்றிவிட்டாய்.

கோபத்தில் செய்யும் நல்ல காரியத்துக்கும் சோதனை வேண்டும்.

முறைப்பாடு இன்று போய்விட்டது. பிறர் சொல்லி நீ அறியவேண்டாம் என்பதற்காக நானே சொல்கிறேன்: அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

றோசலின்

*

புத்தளம்
2025 மார்ச் 9

றோசலின்,

கையெழுத்தைச் சொன்னதற்கு நன்றி. மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை விசாரணைக் கடிதம் வந்தது. அதற்கு முதல் நாள் காலையில் பக்கமே காணாமல் போயிருந்தது. முறைப்பாடு கிடைத்ததால் மூடிவிட்டோம் என்று இணையத்தளத்துக்கு இடம் கொடுத்த கம்பனி இரண்டு வரி எழுதியிருந்தது. நோன்பு மாதம். அன்று முழுக்க அந்த வெறும் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். நோன்பு திறந்துவிட்டுத் தில்லையடியில் உம்மாவின் வீட்டில் சுருண்டு கிடந்தேன்.

தங்கச்சி ஸஃப்னாவை உனக்கு ஞாபகம் இருக்கும். கணினி வேலைதான் செய்கிறா. வந்து தலைமாட்டில் நின்றா. "ராத்தா, எழும்புங்க. எல்லாத்தையும் திரும்ப ஏத்தலாம். ஆனா குரல் பதிவெல்லாம் என்னட்ட இல்லையே, உங்கட்ட ஈக்கா?" என்று கேட்டா. என்னிடமும் பாதிதான் இருந்தது. வின்சன்டிடம் கேட்டேன். வின்சன்ட் தனக்குத் தெரிந்த தாதிமாரிடம் கேட்டார். அரை மணித்தியாலத்தில் போன் நிற்கவேயில்லை. மன்னாரிலிருந்து ஒருவர் முதல் பகுதியை அனுப்பினார். வவுனியாவிலிருந்து ஒரு தாதி மிஸி மூன்றாவதையும் ஐந்தாவதையும் அனுப்பினா. எல்லோரும் தங்கள் போனில் இறக்கி வைத்திருக்கிறார்கள், றோசலின்! பஸ்ஸில் போகும்போது கேட்கிறார்களாம்.

மறுநாள் பக்கம் மீண்டும் வந்துவிட்டது. "ஒரே இடத்துல வெச்சது நம்மட பிழ. இப்ப நாலு இடத்துல வெச்சிருக்கன். ஒண்ட மூடினா மத்தது திறக்கும்" என்று ஸஃப்னா சொல்கிறா. உன் குழுவுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் போனில் தயவாகப் பேசினார். "ஒரு மன்னிப்புக் கடிதம் தாங்க டொக்டர், விஷயத்தை இதோட முடிச்சிடுவம்." எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். தமிழில் எழுதியதற்கா, சத்தமாக வாசித்ததற்கா? அவர் போனை வைத்துவிட்டார்.

பீற்றரைப் பற்றிக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பாய். முதல் நாளே, "நான் என்ன நடந்த எண்டு சொல்லோணுமா?" என்று கேட்டார். "நீங்க விரும்பினாச் சொல்லலாம். விரும்பாட்டித் தேவையில்ல" என்றேன். சில வாரங்கள் அவர் மீன் விலையையும் அரசாங்கத்தையும் பற்றித்தான் கதைத்தார். நான் மூச்சைச் சீராக்கவும், நடுக்கம் வந்தால் காலைத் தரையில் ஊன்றி, கண் முன்னால் இருப்பதைப் பெயர் சொல்லி நிதானிக்கவும் பழக்கினேன். பிறகு ஒருநாள் தானாகவே தொடங்கினார். முழுவதையும் சொன்னார். அடுத்த வாரமும் சொன்னார். சொல்லச் சொல்ல அது நடந்துமுடிந்த ஒன்றாக மெல்ல மாறிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு கிளினிக்கில் ஒரு வாளித் தண்ணீர். பிறகு வீட்டுக் கிணறு. போன வாரம் டொறத்தியோடும் வின்சன்டோடும் இறங்குதுறைவரை நடந்திருக்கிறார். திரும்பி வரும்போது வின்சன்டிடம், "களப்பு இன்னும் அதே இடத்துலதான் கிடக்குது. நான்தான் தூரமாப் போயிட்டன்" என்றாராம்.

உன் மூன்றாம் பகுதியும் ஐந்தாம் பகுதியும்தான் இதைச் செய்தன. பூட்டு இல்லாமல்.

ஹஃபீலா

*

புத்தளம்
2025 ஏப்ரல் 3

றோஸ்,

பெருநாள் முடிந்து மூன்று நாள். இதை எப்படி எழுதுவது என்று அந்த மூன்று நாளும் யோசித்தேன். நேராகவே எழுதுகிறேன்.

மதுரங்குளிப் பக்கத்தில் மிஹ்லார் என்று ஓர் உளவளத்துணையாளர் இருக்கிறார். நேர்மையான மனுஷன். என் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து படிக்கிறவர். பெருநாளுக்கு முந்திய நாள் அழைத்தார். "டொக்டர், நான் ஒரு பொம்புளட வாழ்க்கைய ஒடச்சிட்டன் போல" என்றார்.

ஐந்தாம் பகுதியில் "எக்ஸ்போஷர்" என்ற முறையை நான் "வெளிப்படுத்தல்" என்று எழுதியிருந்தேன். பயந்து ஒதுக்கிவைத்ததைப் பாதுகாப்பான இடத்தில், படிப்படியாக அணுகப் பழக்குவது என்பதுதான் பொருள். பீற்றரின் வாளியும் கிணறும் அதுதான். ஆனால் தமிழ் தெரிந்த யாருக்கும் "வெளிப்படுத்தல்" என்றால் என்ன? மறைத்ததை வெளியே சொல்வது. மிஹ்லார் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். அவரிடம் வந்தவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒரு கொடுமை. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சிகிச்சை என்று நம்பி, புருஷனையும் மாமியையும் அழைத்து வைத்து, அவர்களுக்கு முன்னால் அவளைச் சொல்லவைத்துவிட்டார். புருஷன் அன்றைக்கே அவளைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

நீ சொன்னாய். ஒரு சொல் என்று சொன்னாய்.

நான் போய் அவளைப் பார்த்தேன். பெயர் எழுத மாட்டேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். முற்றத்தில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து, "அந்தப் பதிவுல கதைக்கிற டொக்டர் நீங்களா?" என்றாள். மிஹ்லார் அவளுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். ஓம் றோஸ், நான்தான் சொன்னேன். நீயும் குழுவும் முறைப்பாடும் சொல்லவைக்க முடியாததை அந்த முற்றத்தில் நானாகவே சொன்னேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுத்தா? எடுத்தா எனக்கு நடந்தது நடக்காத மாதிரிப் போயிடுமா? பிழையா எழுதினா, இது பிழை, இதால ஒருத்திக்கு இப்பிடி நடந்த எண்டு அதிலயே எழுதுங்க. எல்லாருக்கும் தெரியிற மாதிரி மேல எழுதுங்க. என்ட பேரைப் போடாதீங்க, விஷயத்தைப் போடுங்க. நான் பிழை ஒண்டும் செய்யல்ல டொக்டர். எதுக்கு ஒளிக்கோணும்?"

அப்படியே எழுதிவிட்டேன். பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான், என் பெயரோடு. "வெளிப்படுத்தல்" போய் "பயத்தை மெல்ல மெல்ல அணுகுதல்" வந்திருக்கிறது. நோயாளி கேட்காமல் குடும்பத்தை அறைக்குள் எடுக்கவே கூடாது என்று தனியாகவும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குரலையும் புதிதாகப் பதிந்தேன். பதிவை இறக்கி வைத்திருந்த ஒவ்வொருவரையும் நானும் ஸஃப்னாவும் தேடிப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவளை இப்போது நான் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். மிஹ்லாருக்கும் எதை எப்படிச் செய்வது என்று நேரில் பழக்குகிறேன்.

இது விசாரணையில் எனக்கு எதிராக வரும் என்று தெரியும். வரட்டும். பக்கத்தை எடுக்கமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், மன்றாட்டமாக அல்ல: நீ வரிக்கு வரி பார். என்னைவிட உனக்குத் தமிழும் தெரியும், சிகிச்சையும் தெரியும். இன்னும் எங்கே பிழைத்திருக்கிறேன் என்று சொல். சண்டையைப் பிறகு பிடிப்போம்.

ஹஃபீலா

*

கொழும்பு
2025 ஏப்ரல் 6

ஹஃபீ,

பார்த்துவிட்டேன். வெள்ளி இரவு தொடங்கி இன்று பூசைக்குப் போய்வந்து முடித்தேன். திருத்தங்களை இணைத்திருக்கிறேன். இரண்டாம் பகுதியில் "தூண்டல்" என்று நீ எழுதிய இடங்களில் "நினைவைக் கிளறிவிடும் விஷயம்" என்று போடு. தூண்டல் என்றால் வேறு யாரோ ஏவிவிட்டது போல இருக்கிறது. ஆறாம் பகுதியில் பிள்ளைகளுக்கான மருந்தளவு வேறு என்பதை விட்டுவிட்டாய். அது பெரிய பிழை, இன்றைக்கே திருத்து. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கும் பகுதி, சொல்லத்தான் வேண்டும், எங்கள் ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கிறது. "சாகலாம் போலக் கிடக்குதா?" என்று நேராகக் கேட்கச் சொல்லியிருக்கிறாய். அதைத் தொடாதே.

நீ எழுதிய அறிவித்தலைக் குழு முழுக்கப் பார்த்துவிட்டது. ஒருவர் அச்சடித்து மேசைக்கு மேசை வைத்தார். சந்தோஷமாக இருக்கிறார்கள், ஹஃபீ. ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு அறிவுள்ள மனுஷர் சந்தோஷப்பட்டதை இந்தத் தவக்காலத்தில் பார்த்தேன். விசாரணையில் நிலையத்தின் சார்பில் நான்தான் சாட்சி சொல்லவேண்டுமாம்.

சரிபார்க்காமல் நீ வெளியிட்டது பிழை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அதனால்தான் இப்போது சரிபார்க்கிறேன்.

என்னை வட்ஸ்அப்பில் விடு.

றோஸ்

*

கொழும்பு
2025 ஜூன் 17

ஹஃபீ,

இதைப் போனில் சொல்ல எனக்கு ஏலவில்லை. நேற்று விசாரணை அறையிலிருந்து உன்னை வெளியே அனுப்பிய பிறகு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் வெளியே வந்தபோது நீ போயிருந்தாய். பிந்தினால் பஸ் கிடைக்காது என்று வின்சன்ட் கூட்டிப் போனதாகச் சொன்னார்கள்.

நீ போனதும் கதவைத் தட்டிவிட்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சேர்ட், கையில் தொப்பி. பின்னால் பெண்சாதி. பீற்றரும் டொறத்தியும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாட்சிப் பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். "பேர் இல்லாட்டி என்ன, நான் ஆள் வந்திருக்கிறனே" என்றார். விசாரணைத் தலைவருக்கு என்ன தோன்றியதோ, கதிரையைக் காட்டினார். பீற்றர் இருக்கவில்லை. நின்றபடியே கதைத்தார்.

"நவம்பர்ல என்னை வட்டமா இருத்தி வெச்சுக் கதை கதை எண்டினாங்க. நான் கதைக்கேல்ல. ஊர் என்னைக் கொலைகாரன் எண்டிச்சு. இந்த டொக்டர் ஒருநாளும் என்னைக் கதை எண்டு சொல்லேல்ல. இண்டைக்கு நானாத்தான் வந்திருக்கிறன். கதைக்கப் போறன். கேளுங்க."

பிறகு அந்த மாலையைச் சொன்னார். காற்று மாறியது, வள்ளம் சரிந்தது, தங்கச்சியின் கை, எல்லாம். உனக்குத் தெரியும், நான் திருப்பி எழுதவில்லை. சொல்லும்போது ஓரிடத்தில் பேச்சு நின்றது. உடைந்துவிட்டார் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்து, "கதவு. மின்விசிறி. மேசை. தண்ணிப் போத்தல்" என்று மெதுவாகச் சொன்னார். மூச்சு வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அறையில் இருந்த பலருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பயிற்சி வகுப்புகளில் அதை எத்தனையோ முறை திரையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியதை நேற்றுத்தான் முதல்முறை பார்த்தேன்.

கடைசியில், "போன கிழமையில இருந்து திரும்ப வள்ளம் எடுக்கிறன். ஆக்கள் ஏறுறாங்க. அந்தப் பக்கத்தை மூடுறதெண்டா, முதல்ல எனக்கு வந்து சொல்லுங்க, நான் எங்க போய் நிக்கிற எண்டு" என்றார். டொறத்தி அவருடைய சேர்ட் கையைப் பிடித்து இழுத்தா. "சொல்லியாச்சு, வாங்க" என்றா. போய்விட்டார்கள்.

அதன் பிறகு என் முறை. "இந்த வெளியீட்டில் ஆபத்தான பிழை இருந்ததா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். "இருந்தது. ஒருத்தி பாதிக்கப்பட்டாள். அதை மறைக்கக்கூடாது. ஆனால் பிழை தெரியவந்ததும் அதை முதல் வரியில் போட்டுத் திருத்தினார்கள். எங்கள் வழிகாட்டியில் மருந்து அளவில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் தமிழில் சரிபார்க்கும்போதுதான் நான் கண்டுபிடித்தேன். எவ்வளவோ காலமாக இருக்கிறது. யாரும் காணவில்லை. யாரும் படிக்கவில்லை. எனவே எது ஆபத்து என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்றேன். முறைப்பாட்டிலிருந்து என் கையெழுத்தை விலக்கிக்கொள்வதாகவும் எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை பயிற்சிப் பிரிவிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஜன்னல் இருக்கிறது, வேலை இல்லை. அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கதிரைக்காக நான் எவ்வளவு ஓடினேன் என்று உனக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டு உன் பக்கத்தைத் திறந்தேன். சரிபார்த்தவர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரைப் போடு. பட்டத்தோடு போடு. யார் கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன்.

உன் மேல் என்ன முடிவு வரும் என்று தெரியவில்லை. நல்லதாக வராது என்றே நினைக்கிறேன்.

றோஸ்

*

2025 ஆகஸ்ட் 24

றோஸ்,

முடிவு வந்தது உனக்குத் தெரியும். பக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூடு என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை, இருக்கட்டும் என்று எழுதவும் மனம் வரவில்லை. "சேவையின் தேவை கருதி" என்னை மாற்றியிருக்கிறார்கள். கடல் வாசமே இல்லாத ஊர். வயல், குளம், யானை வேலி. சுற்றிவர எல்லோரும் சிங்களம். தமிழ் டொக்டரின் தமிழை யாரும் கேட்காத இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று ஸஃப்னா கத்தினா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புத்தளக் கரையில் கிளினிக்கை வின்சன்ட் பார்த்துக்கொள்கிறார். வாரத்துக்கு ஒரு டொக்டர் வந்து போகிறார். மதுரங்குளிப் பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. அவன் கூப்பிட வந்தானாம். "யோசிச்சுச் சொல்றன்" என்று அனுப்பிவிட்டாளாம். எனக்குப் போனில் சொல்லும்போது சிரித்தாள்.

இங்கே கிளினிக்கின் தாதி ஷானிகா என்னைவிட வயதில் குறைவு, மிகவும் சுறுசுறுப்பு. இராணுவத்திலிருந்து விலகி வந்த இளைஞர்கள், யானை அடித்து ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் என்று அவவிடம் வரிசை நிற்கிறது. எல்லோருக்கும் மாத்திரைதான். வேறு ஒன்றும் இல்லை. போன புதன்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து இருந்தா. சிங்களத்தில் கேட்டா: "மெடம், நீங்கள்தான் அந்தத் தமிழ் வழிகாட்டி செய்த டொக்டராமே?"

விசாரணைக் கதை இங்கேயும் வந்துவிட்டது, இனி இதுவும் ஒரு தலையிடி என்று நினைத்தேன். "ஓம், நான்தான். அதற்கென்ன?" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

"என்னோடு தாதிக்குப் படித்த புத்தளத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, தன் நோயாளிகள் தேறுகிறார்கள் என்று பெருமையடிக்கிறாள். எப்படி என்று கேட்டால் உங்கள் பக்கத்தை அனுப்புகிறாள். எனக்குத் தமிழ் தெரியாது. நிலையத்தின் புத்தகத்தைக் கேட்டேன், கொழும்புக்கு வா என்றார்கள். இங்கே நான் ஒருத்திதான் தாதி, எப்படிப் போவது?" என்றா. பிறகு மேசையில் கையைத் தட்டி, "எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டா.

றோஸ், அந்தக் கேள்வியை ஜனவரியில் நான் என்ன குரலில் கேட்டேனோ அதே குரல்.

நான்கு நாளாக வேலை நடக்கிறது. நான் சொல்லச் சொல்ல ஷானிகா சிங்களத்தில் எழுதுகிறா. ஒரு வரி எழுதினால் முதலில் மருந்தகத்துப் பெண்ணிடம் வாசித்துக் காட்டி, "உனக்கு என்ன விளங்குது?" என்று கேட்கிறோம். தமிழில் நான் செய்யாததை இதில் செய்கிறோம். நீ சிலாபத்துப் பள்ளிக்கூட விடுதியில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், உன் சிங்களத்தைவிட நல்ல சிங்களம் எனக்குத் தெரிந்த டொக்டர்மாரில் இல்லை. ஜன்னலும் வெறும் மேசையும் இருக்கிற அறையில் உனக்கு நேரமும் இருக்கிறது. முதல் இரண்டு பகுதிகளை இதோடு அனுப்புகிறேன். பார்த்து, கிழித்து, திருப்பி அனுப்பு. நீ சரி என்று சொல்லும்வரை ஏற்றமாட்டோம். சரி என்று சொன்ன அன்றைக்கே ஏற்றுவோம். அனுமதி கேட்டும் எழுதியிருக்கிறேன், பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

பிடிபட்டால் உங்களையும் மாற்றிவிடுவார்கள் என்று ஷானிகாவிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "மாற்றட்டும் மெடம். போகிற இடத்திலும் ஒரு கிளினிக் இருக்கும்தானே?" என்றா.

ஹஃபீ